ஒரு படி தவிடும் மூன்று ஏக்கர் நிலமும்

1

செத்தவர் சொத்துக்குப் போடும் சாவுவரியை நம் நாட்டில் எடுத்துவிட்டார்கள் என்று முசிறியிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான். போன வருடமே எடுத்தாயிற்றாம். "இனி யாரும் கவலையில்லாமல் சாகலாம்" என்பது அவன் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரி. அப்பா வீட்டில் எனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் அனுப்பச் சொல்வது கடைசி வரி. இரண்டு வரிகளுக்கும் சம்பந்தமில்லை என்று நம்ப விரும்புகிறேன்.

மலேசியாவில் இன்னும் அந்த வரி இருக்கிறது. ஆகவே நான் அவசரப்படவில்லை.

இந்த மாதம் பதினோராம் தேதியோடு நான் இந்த நாட்டில் கால்வைத்து முப்பத்தைந்து வருடம் முடிந்தது. பத்தொன்பது வயதில் வந்து, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். நம் ஊரில் குமாஸ்தா என்பவரை இங்கே கிராணி என்பார்கள். இப்போது அதே தோட்டத்தில் பெரிய கிராணி. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. துரை போய் மேனேஜர் வந்துவிட்டார். என் மேசை மட்டும் அதே மேசை. ஒரு கால் மாற்றியது. காலை நாலே முக்காலுக்கு எழுகிறேன், ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கிறேன், மாலை தேநீர் குடித்ததும் டயரி எழுதுகிறேன். முப்பத்தைந்து டயரிகளும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. 1969-இல் மட்டும் கறுப்பு அட்டை கிடைக்காமல் பச்சை.

ஆண்டு நிறைவை யாரும் கொண்டாடவில்லை. மகன் குமரன் மட்டும் கோலாலம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தான். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வரிப்பிரிவில் இருக்கிறான். கையில் பழம் இல்லை, கோப்பு இருந்தது.

"அப்பா, நீங்க ஒரு ஃபேமிலி டிரஸ்ட் செட்-அப் பண்ணணும்."

"எதுக்குடா?"

"அசெட்ஸ் எல்லாத்தையும் புரொடெக்ட் பண்ண. எஸ்டேட் டியூட்டி பிளானிங்லா. நீங்க திடீர்னு போயிட்டா நாங்க என்ன பண்றது?"

என் சொத்துகளை அங்கேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாமான் என்கிற புது வீடமைப்புப் பகுதியில் வாங்கிப்போட்ட ஒரு வீடு. அதன் பாதி இன்னும் வங்கியுடையது. ஒரு மோட்டார் சைக்கிள். முசிறி வீட்டில் மூன்றில் ஒரு பங்கு. என் பங்கில்தான் ஓடு ஒழுகுகிறது என்று தம்பி சொல்கிறான். முப்பத்தைந்து டயரிகள்.

"டயரி எல்லாம் அசெட் இல்லப்பா" என்றான், கோப்பை மூடியபடி.

கடைக்குட்டி சுதா பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது நம் ஊர்ப் பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். என்னிடம் தமிழிலும், அண்ணனிடம் ஆங்கிலத்திலும், பூனையிடம் மலாயிலும் பேசுவாள். "அப்பா, டயரி எனக்கு" என்றாள். தமிழில் எழுதியதை அவளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். ஆகவே என் ரகசியங்கள் பத்திரமானவை.

2

உயில் எழுதாமல் செத்துப்போகிறவர்களுக்கு இந்த நாட்டுச் சட்டமே ஒரு பொது உயில் எழுதி வைத்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இதை என் மனைவி பார்வதியிடம் விளக்கினேன். அவள் இங்கேயே பிறந்தவள், கோலசிலாங்கூர்க்காரி.

"எனக்கு மூணுல ஒண்ணா? முப்பது வருசமா முழுசா சமைச்சுப் போட்டேன்."

"அதனாலதான் உயில் எழுதலாம்னு பார்க்குறேன்."

"வேணாம், எழுதாதீங்க. எழுதினவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல."

முப்பது வருடமாக இவள் சொல்லி நான் கேட்டுத்தான் பழக்கம். ஆனால் இந்தத் தடவை நான் விடாமல் இருந்ததற்குக் காரணம் மகன் கொண்டுவந்த கோப்பு அல்ல. உயில் எழுத மறுத்த ஒருவரும், எழுதக் கூடாததை எழுதிய நானும் சேர்ந்து, பிச்சை என்கிற ஒருவனை மூன்று ஏக்கர் நிலத்திலிருந்து கிட்டத்தட்டத் துரத்திவிட்டோம். கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் போன வாரம் அதற்கு விசாரணை நடந்தது. ஊரில் இருக்கும் நீங்கள் "மலேசியாவில் எல்லாம் சட்டப்படி நடக்கும்" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எப்படி நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

3

1952-இல் எங்கள் தோட்டத்தில் ராமசாமி என்று ஒரு லோரி டிரைவர் இருந்தார். அவர் மனைவிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் மாதக்கணக்கில் போயின. நாலாவது ஆண் குழந்தை. பிறந்த மூன்றாம் நாள் அதை விற்றுவிட்டார்.

நம் பக்கத்தில் இது புதிதல்ல. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றதாகச் சடங்கு செய்வார்கள். வாங்குகிறவர் ஒரு படி தவிடு கொடுத்துவிட்டு "இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு" என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பார். எமன் வந்து பார்த்தால், இது வேறு வீட்டுப் பிள்ளை, தவிட்டு விலைப் பிள்ளை என்று போய்விடுவானாம். அப்படிப் பிழைத்த பிள்ளைக்குப் பிச்சை என்றோ தவிட்டான் என்றோ பெயர். முசிறியில் என் அத்தை மகன் ஒருவனே தவிட்டான்தான். இப்போது மின்சார வாரியத்தில் இருக்கிறான்.

ராமசாமி விற்றது அடுத்த லயத்து வீட்டு முனியாண்டிக்கும் அவர் மனைவி காளியம்மாளுக்கும். லயம் என்றால் தோட்டத்துக் குடியிருப்பின் நீள வரிசை. அடுத்த வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டில் தூக்கம் போகும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். தவிட்டுக்கு எங்கே போவது? காளியம்மாள் கோழிக்கு வைத்திருந்ததில் ஒரு படி அளந்து கொடுத்தாள். ராமசாமியின் தம்பி செல்லையா, அப்போது இருபத்திரண்டு வயது, அந்தத் தவிட்டை அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் கிராணி படிவம் எழுதிப் போலீஸ் நிலையத்தில் கொடுத்துப் பதிய வேண்டும். நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராமசாமியும் முனியாண்டியும் ஆபீசுக்குச் சேர்ந்தே வந்தார்கள்.

"கிராணியாரே, பிள்ளை இவனுது. எளுதுங்க" என்றார் ராமசாமி.

"பெத்தது உங்க வீட்டம்மாதானே?"

"பெத்தது அவ. வாங்கினது இவன். வித்தத வித்ததா எளுதுங்க. சர்க்கார் நோட்டுல எம்பேரு இருந்தா அதப் படிச்சிட்டு வந்துருவான்."

"யாரு?"

அவர் வாயால் சொல்லவில்லை. தெற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் லயத்துக்குப் பின்னால் அடுத்தடுத்து இருந்த மூன்று சின்னக் குழிகளையும் நான் பார்த்திருந்தேன். தகப்பன் முனியாண்டி, தாய் காளியம்மாள் என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அன்றைய டயரி இது: "காலை மழை. பெரட்டில் ஆறு பேர் குறைவு. ராமசாமி வீட்டு ஆண் பிள்ளையை முனியாண்டி பெயரில் பதிந்தேன். விலை ஒரு படி நல்ல தவிடு. மாலை தலைவலி."

பிள்ளை பிழைத்தது. பெற்றவளிடமே, அவளை 'அக்கா' என்றும் காளியம்மாளை 'அம்மா' என்றும் கூப்பிட்டு வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில், அடையாளக் கார்டில், கல்யாணப் பதிவில் எல்லாம் பிச்சை, தகப்பன் பெயர் முனியாண்டி. ஊர் முழுவதும் அறிந்த விஷயம் அது. அம்மைத் தழும்பு மாதிரி எல்லோரும் பார்த்துப் பழகியது. ஆறு வருடத்துக்கு முன் பெற்றவள் செத்தபோது பிச்சை "அக்கா, அக்கா" என்றுதான் அழுதான். கேட்டவர்கள் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

4

அறுபதுகளில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ராமசாமி மூன்று ஏக்கர் வாங்கினார். அப்பனும் மகனுமாக ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், அதிலேயே பலகை வீடு கட்டினார்கள். பிச்சையின் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தன. அவனுக்கு வேறு வீடோ வேறு தொழிலோ கிடையாது.

ராமசாமியிடம் இரண்டு தடவை சொன்னேன். உயிலில் மகன் என்று எழுதக்கூட வேண்டாம். பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் போதும், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், ஒருவரும் கேட்க முடியாது என்றேன்.

"நீங்க எளுதினா சுத்தமா எளுதுவீங்க கிராணியாரே. அவன் படிச்சிருவான்" என்றார். முப்பது வருடம் கழித்தும் அதே பயம். எமனுக்கு என் கையெழுத்து அத்தனை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன வருடம் தூக்கத்தில் போய்விட்டார். பிச்சை சாவுச் சான்றிதழையும் தன் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனான். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "முனியாண்டி செத்தால் வா" என்று அனுப்பிவிட்டார். முனியாண்டி செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

எமனை ஏமாற்றிய தாள் நில அலுவலகத்தையும் ஏமாற்றிவிட்டது. தாளில் ராமசாமி பிள்ளையில்லாமல் செத்தவர். மனைவியும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. சட்டப்படி அடுத்த வாரிசு கூடப்பிறந்த தம்பி. அதாவது தவிடு தூக்கிய செல்லையா.

செல்லையா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். கூடத்தில் படுக்கை; மருமகன் தொலைக்காட்சியை அணைத்தால்தான் அவர் தூங்கலாம். செய்தி கேட்டதும் பேருந்து ஏறி வந்தார். நானும் அன்று பிச்சை வீட்டில் இருந்தேன்.

"முனியாண்டி மகனுக்கு எங்க அண்ணன் நெலத்துல என்ன வேல?" என்றார் வாசலில் நின்றபடியே.

"சித்தப்பா, நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"சித்தப்பனா? சூராட்டு என்ன சொல்லுது? சூராட்டுல நான் உனக்கு யாரு?" சூராட்டு என்பது இங்கே எல்லா எழுத்துத் தாளுக்கும் பொதுப்பெயர். "எனக்கும் கடைசிக் காலத்துல ஒரு வாசல் வேணும்லா."

பிச்சையின் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய் மனுக் கொடுத்தார்.

நில அலுவலகத்துக்காகப் பிச்சையின் படிவங்களை நான்தான் நிரப்பினேன். சாவுவரிக்கென்று ஒரு தாள். "இறந்தவர் உயிரோடிருக்கையில் தன் உடைமை எதையாவது பிறருக்குக் கொடுத்ததுண்டா?" என்று ஒரு கேள்வி. நாலு நிமிடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுதினேன். விற்பனையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

5

வழி ஒன்றுதான் தெரிந்தது. பதிவில் எழுதியது நானே, பிள்ளை ராமசாமியுடையது என்று நான் சத்தியப் பத்திரம் கொடுப்பது. கூடவே காளியம்மாள் அதிகாரி முன்னால் வந்து, "இவன் நான் பெற்ற பிள்ளை இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்வது.

காளியம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். தன் கடைசி மகனோடு தோட்டத்து லயத்திலேயே இருக்கிறாள். நானும் பிச்சையும் போய்க் கேட்டபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அத நான் சொல்ல மாட்டேன்."

"உண்மையைத்தானே சொல்லப் போறீங்க."

"உண்மைதான். அதான் சொல்ல மாட்டேங்கிறேன். முப்பத்தி நாலு வருசமா அது எம்புள்ள. இப்ப தொர முன்னாடி நின்னு எம்புள்ள இல்லன்னு சொன்னா யாரு கேப்பான்? காதுல விழுந்த அன்னைக்கே வந்து நிப்பான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கான் இவன்."

"அம்மா, நெலம் போயிரும்" என்றான் பிச்சை.

"நெலம் போனா போவுது. நீ போனா?"

நான் அறிவாளி மாதிரி பேசினேன். எமன் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது, நில அலுவலகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்றேன்.

"நீங்க கிராணி. ஒங்களுக்கு ஆபீசுதான் தெரியும். மூணு புள்ளைங்கள நான் குளிப்பாட்டிக் குடுத்தேன் பொதைக்க" என்றாள்.

திரும்பி வரும்போது பிச்சையைத் திட்டினேன். கொஞ்சம் கட்டாயப்படுத்தினால் வருவாள் என்றேன். அவன் செம்பனைக் குலை ஏற்றும் தன் லோரியை ஓட்டிக்கொண்டே தலையை ஆட்டினான்.

"வேணாங்க. அம்மா வாயால அப்படிச் சொல்ல வச்சு அந்த மண்ணுல நான் எப்படிங்க நிக்கிறது? வேற வழி இருந்தா பாருங்க."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் டயரியில் வானிலை மட்டுமே எழுதினேன்.

6

விசாரணை ஒன்பது மணிக்கு. பத்தே காலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், சுங்கை பஞ்சாங் பக்கத்து நெல்வயல்காரர் வீட்டில் பிறந்தவர். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப்பெண், இருபத்தைந்து வயது, பட்டணத்தில் படித்தவள். ஒரு பக்கம் பிச்சை, காளியம்மாள், நான். எதிர்ப்பக்கம் செல்லையா, சலவைச் சட்டையோடு.

காளியம்மாள் வந்ததே பெரிது. பிச்சைக்குத் துணையாக வந்தாள், சாட்சி சொல்ல அல்ல என்று லோரியில் ஏறும்போதே அறிவித்துவிட்டாள்.

அதிகாரி என் சத்தியப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். மலாயில் என்னிடம் கேட்டார்: "1952-இல் நீங்கள் பொய் எழுதினீர்கள். 1986-இல் எழுதியதை நான் ஏன் நம்ப வேண்டும்?"

நியாயமான கேள்வி. டயரியை நீட்டினேன். அதைப் புரட்டிவிட்டு, "இதையும் எழுதியது நீங்கள்தானே" என்றார். அதுவும் நியாயம். முப்பத்தைந்து வருடம் ஒரு திருத்தம் இல்லாமல் எழுதியவன் என்று சொல்ல வந்து, இந்த இடத்தில் அது உதவாது என்று டயரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

காளியம்மாள் பக்கம் திரும்பினார். "இவர் உங்கள் மகனா?"

"ஆமா."

"நீங்கள் பெற்றவரா?"

"பெத்தாத்தான் புள்ளையா தொர? ஒங்க ஊர்ல அப்படித்தானா?"

மொழிபெயர்க்கும் பெண் இதை மென்மையாக்கிச் சொன்னாள். அதிகாரி மறுபடி கேட்டார். காளியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். செல்லையா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முடிந்தது என்று நினைத்தேன். பிச்சையின் பிள்ளைகளை எங்கே குடிவைப்பது என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அதிகாரி செல்லையாவிடம், "இந்தத் தவிட்டுச் சடங்கு பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"ஒண்ணும் தெரியாது துவான். நான் அங்க இல்லவே இல்ல." துவான் என்றால் மலாயில் ஐயா.

அதிகாரி என் பத்திரத்தை வரிவரியாக உரக்கப் படிக்க, அந்தப் பெண் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். மலாய்ச் சொல் அவளுக்குத் தெரிந்தது, தமிழ்ச் சொல் தெரியவில்லை. என் பக்கம் குனிந்து, "அங்கிள், டெடாக் தமிழ்ல என்ன?" என்றாள்.

"தவிடு."

"ஓகே. விலையாக, ஒரு படி நல்ல தவிடு…"

"நல்ல தவிடா?" என்றார் செல்லையா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"யாரு எளுதினது நல்ல தவிடுன்னு? நீங்களா கிராணியாரே? நீங்க பார்த்தீங்களா?"

"முனியாண்டி சொன்னார், எழுதினேன்."

"முனியாண்டி சொல்லுவான்!"

காளியம்மாள் சுவரிலிருந்து திரும்பினாள். "என் தவிட்டுக்கு என்னடா கொற?"

"என்ன கொறயா? பாதி உமி. மீதி புளு. கோளி தின்னாத தவிடு!"

"எங்கோளி தின்னுச்சுடா! அரிசியே இல்லாத காலத்துல ஒரு படி, தலை தட்டாம அளந்து குடுத்தேன். வாங்கிட்டுப் போனவனுக்கு இப்ப வாய் வந்துருச்சா?"

"தலை தட்டாமயா? படியே ஓட்டப் படி! வர்ற வழியெல்லாம் கொட்டுச்சு. எங்க அண்ணன் பெத்த புள்ளைக்கு இதுதான் வெலையான்னு அன்னைக்கே அண்ணங்கிட்ட சண்ட போட்டேன் நானு! திருப்பிக் குடுத்துட்டு வேற எடம் பாருன்னேன். கேட்டாரா மனுசன்?"

அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்து, ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னாள். உமி, புழு, ஓட்டைப் படி எல்லாம் வந்தது. 'அண்ணன் பெத்த புள்ளை' என்பதும் வந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை, மீசை மறைத்தது.

"ஐயா, நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இல்லை என்றால், இந்தப் பத்திரத்தில் இருக்கிறபடி நல்ல தவிடு என்றே நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்றால், நீங்கள் இப்போது சொன்னதை எல்லாம் எழுதிக்கொள்கிறேன். எது?"

செல்லையா எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. நல்ல தவிடு என்று ஒப்புக்கொண்டால் மூன்று ஏக்கர். கிள்ளான் கூடத்திலிருந்து விடுதலை. எதிரே காளியம்மாள் வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிக் காத்திருந்தாள், முப்பத்தி நாலு வருடப் பெருமையோடு.

"எளுதுங்க துவான்" என்றார் செல்லையா. "மட்டமான தவிடு. நான் பார்த்தேன்."

அதிகாரி எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் செய்து, செல்லையாவிடம் கையெழுத்து வாங்கினார். தம்பியே ஒப்புக்கொண்டபின் எனக்குச் சந்தேகமில்லை என்றார். என் பத்திரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நிலம் பிச்சைக்கு என்று உத்தரவு போட்டார். பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்வது உங்கள் பாடு, ஆனால் திருத்திவிடுவது நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கடைசியாக, தன் அண்ணனுக்கும் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் பெயரை மாற்றினார்கள் என்றும், ஆனால் பதிவில் கை வைக்கவில்லை என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள்தான் சர்க்கார் வரைக்கும் போய்ச் சடங்கு செய்தவர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

7

வெளியே பிச்சை லோரியைத் திருப்பிக்கொண்டிருந்தான். செல்லையா பேருந்து நிறுத்தம் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். சலவைச் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

பிச்சை கதவைத் திறந்தான். "சித்தப்பா, ஏறுங்க. வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான். பின்னால ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. டிவி இல்ல."

"ஏறுடா" என்றாள் காளியம்மாள் உள்ளேயிருந்து. "ஓட்டப் படிக்காரி பக்கத்துல ஒக்காந்தா ஒண்ணும் கொட்டிற மாட்ட."

அவர் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏறினார். சன்னல் பக்கம் வேண்டும் என்றார்.

என் பையில் திருத்தப் படிவம் தயாராக இருந்தது. பதிவு இலாகாவுக்கானது, மூன்று நாளுக்கு முன்பே அழகாக நிரப்பி வைத்திருந்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், திருத்தத்துக்கான காரணம்: "எழுத்தர் தவறு." அந்த இரண்டு சொற்களை எழுத எனக்குச் சுலபமாக இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை, பதிவில் தாயாக இருக்கிறவரின் கைநாட்டு மட்டும் வேண்டும் என்று சொல்லி, மைப்பெட்டியைத் திறந்து லோரிச் சன்னலுக்கு நேரே நீட்டினேன்.

காளியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

"அன்னைக்கு நான் தப்பா எழுதிட்டேன். அதைத் திருத்துறதுக்கு."

அவள் பிச்சையைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தி நாலு வயது, காது ஓரத்தில் நரை, நல்ல உடம்பு. தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க எளுதினதுல என்ன தப்பு கிராணியாரே? புள்ள உசுரோடதான இருக்கான்."

நான் மைப்பெட்டியை மூடினேன். பிச்சை வண்டியை எடுத்தான்.